யார் சொன்ன செய்தி?

(சங்கத்தின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை. மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு, இணையச் செய்திகளில் உரிமையாளரும் பல்வேறு கருத்துகளும் என்பதாகும். கேட்பதற்குப் பல்கலைக்கழக வகுப்புக்கு உரிய தலைப்புபோலத் தோன்றலாம். உண்மையில் இது நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் விஷயம். காலையில் கண்விழித்ததும் தொலைபேசியை எடுக்கிறோம். நூறு தளங்கள் திறக்கின்றன. நூறு தளங்கள் இருப்பதால் நூறு பார்வைகள் கிடைக்கின்றன என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நூறும் எத்தனை பேரிடமிருந்து புறப்பட்டு வருகின்றன என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு வேறாகிவிடும். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

எண்ணிக்கை வேறு, மூலம் வேறு

இந்தக் கணக்கு நமக்குப் புதியதன்று. ஹதீஸ் கலையைக் கற்றவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஒரு செய்தி வந்தால், என்ன சொன்னார்கள் என்பதோடு அறிஞர்கள் நிற்கவில்லை. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அந்த இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள்தானா, சொன்னவர் நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று அறிவிப்பாளர் வரிசை முழுவதையும் ஆராய்ந்தார்கள். அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை ஆராய்வதற்கென்றே ஒரு தனிக் கலை வளர்ந்தது.

அதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு செய்தியை நூறு பேர் சொன்னாலும், அந்த நூறு பேரும் ஒரே ஒருவரிடம் கேட்டுச் சொன்னால், அடிப்படையில் அது ஒருவர் சொன்ன செய்திதான். ஒருவரோடு ஒருவர் கூடிப்பேசிப் பொய்யுரைக்க வாய்ப்பே இல்லாத அளவுக்கு, ஒவ்வொரு தலைமுறையிலும் பலர் தனித்தனியே அறிவித்தால்தான் அதற்கு முதவாதிர் என்ற உயர்ந்த தகுதி கிடைக்கும். சொன்னவர்களின் எண்ணிக்கை மட்டும் போதாது. அவர்கள் ஒருவரையொருவர் சாராதவர்களாகவும் இருக்க வேண்டும்.

செய்தி நிறுவனங்களின் உரிமையைப் பற்றி உலகெங்கும் நடக்கும் விவாதத்தின் சாரம் இதுதான். பத்துத் தளங்களுக்கும் ஒரே முதலாளி என்றால், அல்லது பத்துத் தளங்களும் ஒரே செய்தி முகவையிடமிருந்து வாங்கிப் போடுகின்றன என்றால், நம்மிடம் இருப்பது பத்துச் செய்திகள் அல்ல. ஒரே செய்தியின் பத்துப் படிகள்.

நம் முன்னோர் நடத்திய ஏடுகள்

இதைப் பேசும் உரிமை நம் சமூகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. சிங்கப்பூரில் தமிழ் இதழியலுக்கு வித்திட்டவர்களில் தமிழ் முஸ்லிம்கள் முன்னணியில் நின்றார்கள். 1887ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி, ஒரு திங்கட்கிழமை, 'சிங்கை நேசன்' வார ஏடு வெளிவந்தது. அதன் ஆசிரியர் சி.கு. மகுதூம் சாயபு. 1890 வரை அது நடந்தது. அதற்கும் முன்னதாக, 1876இல், இங்கு வெளிவந்த முதல் மலாய்ச் செய்தி ஏடாகிய வார இதழ் 'ஜாவி பெரானக்கான்' தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்கள் இந்திய முஸ்லிம் தந்தை வழியிலும் மலாய்த் தாய் வழியிலும் வந்த நம் உறவினர்களே.

அன்று இங்கிருந்த ஆங்கில ஏடுகள் ஐரோப்பியர் கையில் இருந்தன. வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வேண்டிய செய்திகள் அவற்றில் வந்தன. மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டிக்கடையும் துணிக்கடையும் வைத்திருந்தவனுக்கு, கப்பலில் மூட்டை ஏற்றியவனுக்கு, நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்து இறங்கியவனுக்கு என்ன தேவை என்பது அவற்றின் கண்ணில் படவில்லை. அதற்காக யாரையும் குறை சொல்வதற்கில்லை. உரிமையாளர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்துதான் அவருடைய ஏடும் பார்க்கும். சாயபு அவர்கள் வேறோர் இடத்தில் நின்று பார்த்தார். ஆகவே வேறு சில செய்திகள் அவர் கண்ணில் பட்டன.

பிறகு 1935ஆம் ஆண்டு ஜூலை மாதம் தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' ஏட்டை ஒரு காசு விலையில் கொண்டுவந்தார். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் 'மலாயா நண்பன்' அதற்குப் போட்டியாக இருந்தது. 1960களில் தொடங்கிய 'தமிழ் மலர்' 1980 வரை நடந்தது. ஒரு காலத்தில் இந்தச் சிறிய தீவில் தமிழ் வாசகன் ஒரு கடையில் நின்று, இன்று எந்தத் தாளிகையை வாங்கலாம் என்று யோசித்தான். ஒன்று ஒரு கூட்டத்தைப் பாராட்டி எழுதினால் மற்றொன்று அதையே கண்டித்து எழுதியது. வாசகன் இரண்டையும் படித்துத் தானே ஒரு முடிவுக்கு வந்தான்.

அந்தக் காலம் முழுவதும் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. 1950 டிசம்பரில் நாத்ரா வழக்கையொட்டி மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டார்கள், 173 பேர் காயமுற்றார்கள். கன்னிமாடத்தில் அந்தச் சிறுமி இருந்த காட்சிகளை வெளியிட்ட ஏடுகளுக்கும், சமய உணர்வைத் தூண்டி எழுதிய முஸ்லிம் ஏடுகளுக்கும் அதில் பங்குண்டு. நம்மவர் கையில் ஏடு இருந்தால் அது நல்லதையே செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. பல குரல்கள் வேண்டும் என்று கேட்பவர்கள், ஒவ்வொரு குரலுக்கும் பொறுப்பு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உரிமையாளர் யார்?

இன்றைய நிலைக்கு வருவோம். சிங்கப்பூரில் செய்தித்தாள்களின் உரிமையை வரையறுக்கும் சட்டம் 1974இல் வந்தது. செய்தித்தாள் நிறுவனத்தின் பங்குகளை அது சாதாரணப் பங்கு, நிர்வாகப் பங்கு என்று இரண்டாகப் பிரித்தது. நிர்வாகப் பங்கை வைத்திருக்க அரசாங்கத்தின் ஒப்புதல் வேண்டும். இயக்குநர்களையும் ஊழியர்களையும் நியமிப்பது, நீக்குவது தொடர்பான தீர்மானங்களில் ஒரு நிர்வாகப் பங்குக்கு 200 வாக்குகள். அதாவது, பங்குச் சந்தையில் பணத்தைக் கொட்டி யாரும் ஒரு செய்தித்தாளைத் தம் கைக்குள் கொண்டுவந்துவிட முடியாது.

இதற்கு அரசாங்கம் சொன்ன காரணங்கள் உண்டு. வெளிநாட்டுப் பணம் உள்நாட்டு ஏடுகளுக்குள் புகுவதாக 1971இல் பெரும் சர்ச்சை எழுந்தது. இனக் கலவரங்களின் நினைவு அப்போது ஆறாத புண்ணாக இருந்தது. கட்சிக்காரரோ கோடீஸ்வரரோ ஏட்டை வாங்கி ஆட்டிப்படைக்கும் நிலையும் இங்கு வரவில்லை. மறுபக்கம், யார் ஏடு நடத்தலாம் என்பதை முடிவுசெய்யும் திறவுகோல் ஓரிடத்தில் சேர்ந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம்.

1984இல் பெரிய ஏட்டு நிறுவனங்கள் இணைந்து சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் உருவானது. 1990களில் தமிழ் முரசும் அந்தக் குழுமத்துக்குள் வந்தது. விளம்பர வருவாய் சரிந்ததால், 2021இல் ஊடகப் பிரிவு மட்டும் தனியே பிரிக்கப்பட்டு, லாபநோக்கமற்ற எஸ்பிஎச் மீடியா அறநிதி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளி வரையில் ஐந்தாண்டுகளுக்கு நிதி தருவதாக 2022இல் அரசாங்கம் அறிவித்தது. தாய்மொழிச் செய்திக்கூடங்களைக் காப்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஒலி, ஒளிபரப்பையும் அதைச் சார்ந்த இணையத்தளங்களையும் நடத்தும் மீடியாகார்ப், தெமாசெக்கின் உடைமை.

ஆக, பெரிய செய்திக் குழுமங்கள் இரண்டு. இரண்டிலும் பொதுப்பணத்தின் பங்கு உண்டு. வரி கட்டுகிற நாமும் ஒருவகையில் அவற்றின் உரிமையாளர்களே. உரிமையாளருக்குக் கேள்வி கேட்கும் கடமையும் உண்டு.

இணையம் வந்த பிறகு

இணையம் வந்தபோது, அச்சு இயந்திரம் வாங்கப் பணமில்லாதவனும் இனி எழுதலாம், உரிமையாளர் என்ற தடையே நீங்கிவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். அதில் ஓரளவு உண்மை இருந்தது.

ஆனால் 2013இல் நடந்ததைப் பாருங்கள். மாதத்துக்குச் சராசரியாக 50,000 உள்நாட்டு வருகையாளர்களைப் பெற்று, வாரம் ஒரு சிங்கப்பூர்ச் செய்தியாவது வெளியிடும் தளங்கள் தனி உரிமம் பெறவும் 50,000 வெள்ளிக்கு உத்தரவாதப் பத்திரம் கொடுக்கவும் வேண்டும் என்ற விதி வந்தது. அந்த வரையறைக்குள் வருவதாக முதலில் அறிவிக்கப்பட்ட தளங்கள் 10. அவற்றில் 7 எஸ்பிஎச் குழுமத்தைச் சேர்ந்தவை. 2 மீடியாகார்ப்பைச் சேர்ந்தவை. எஞ்சிய ஒன்று யாகூ. அந்த விதி சரியா தவறா என்ற விவாதம் அன்று நிறைய நடந்தது. அந்தப் பட்டியல் காட்டிய இன்னோர் உண்மையைப் பலர் கவனிக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற இணையத்திலும், மக்கள் திரண்டு படித்த 10 இடங்களில் 9 பழைய இரண்டு வீடுகளின் வாசல்களாகவே இருந்தன.

ஏன் அப்படி? செய்தியைப் பற்றிக் கருத்துச் சொல்லச் செலவில்லை. செய்தியைத் திரட்டத்தான் செலவு. நீதிமன்றத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க ஒருவர் வேண்டும். நாடாளுமன்ற விவாதத்தைக் கேட்டு எழுத ஒருவர் வேண்டும். எழுதியதைச் சரிபார்க்க இன்னொருவர் வேண்டும். அவர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும். முன்பு அதை விளம்பரம் கொடுத்தது. இன்று விளம்பரப் பணத்தின் பெரும்பகுதி கூகலுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போகிறது. சிறு தளங்கள் ஆர்வத்தோடு தொடங்கி, சம்பளம் கொடுக்க முடியாமல் மூடிக்கொள்கின்றன. பெரிய வீட்டுக்குள்ளும் அறைகள் குறைகின்றன. மீடியாகார்ப்பின் 'டுடே' 2024இல் சிஎன்ஏவுடன் இணைக்கப்பட்டது.

அப்படியானால் சிறு தளங்களால் பயனில்லையா? 2023 ஜனவரியில் ஒரு செய்தி வெளிவந்தது. எஸ்பிஎச் மீடியாவின் ஏடுகளுக்கு, 2020 செப்டம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாளொன்றுக்குச் சராசரியாக 85,000 முதல் 95,000 படிகள் வரை கூடுதலாக விற்பனைக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. இதை முதலில் வெளிக்கொண்டுவந்தது அந்தக் குழுமத்துக்கு வெளியே இருந்த ஒரு சிறு இணையத்தளம். பிறகு பெரிய ஏடுகளும் எழுதின, நாடாளுமன்றத்திலும் பேசப்பட்டது. தன் வீட்டுக் குறையை முதலில் சொல்வது யாருக்கும் கடினம். அதற்குத்தான் பக்கத்து வீட்டில் இன்னொருவர் குடியிருக்க வேண்டும்.

அதே சிறு தளம்தான் 2022இல் ஒரு மருத்துவமனையைப் பற்றி ஒருவர் சொன்ன கதையைச் சரிபார்க்காமல் வெளியிட்டது. கதை பொய்யென்று தெரிந்தது. தளத்தை நடத்தியவருக்கு 2024இல் நீதிமன்றம் அபராதம் விதித்தது. ஆகவே வெளியாள் என்பதால் மட்டும் ஒருவர் உண்மையாளர் ஆகிவிடுவதில்லை. பெரியவர் தவறைச் சிறியவர் சொல்லவும், சிறியவர் தவறைப் பெரியவர் சொல்லவும் இருவருமே வேண்டும்.

பாலத்துக்கு அப்பால்

ஜோகூர்ப் பாலத்தைத் தாண்டினால் வேறு வகை உரிமை. மலேசியாவில் பெரும் ஏடுகள் பலவற்றின் பின்னால் அரசியல் கட்சிகள் நீண்ட காலம் இருந்தன. 'உத்துசான் மலேசியா' அம்னோவின் கையில் இருந்தது. 'தி ஸ்டார்' நாளிதழின் பெரும் பங்குதாரர் மசீச. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' பிற்காலத்தில் ம.இ.கா.வின் முன்னாள் தலைவர் குடும்பத்தின் கைக்கு வந்தது. 2019 ஜனவரி கடைசியில் அது நின்றபோது, 94 ஆண்டுப் பாரம்பரியம் ஒரே நாளில் முடிந்தது. கட்சியைச் சார்ந்த ஏட்டுக்கு, கட்சி வலுவாக இருக்கும்வரை வாழ்வு. கட்சி தளர்ந்தால் ஏடும் தளர்ந்துவிடுகிறது.

அதே நாட்டில் 1999 நவம்பரில் இரண்டு இதழாளர்கள் 'மலேசியாகினி' இணைய ஏட்டைத் தொடங்கினார்கள். 2002இலிருந்து வாசகர்களிடம் சந்தா கேட்டார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு யார் பணம் கட்டுவார்கள் என்று அன்று பலர் சிரித்தார்கள். 2021 பிப்ரவரியில், வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக அந்த ஏட்டுக்குக் கூட்டரசு நீதிமன்றம் 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. பொதுமக்களிடம் நிதி கேட்ட சில மணி நேரத்திலேயே முழுத்தொகையும் சேர்ந்துவிட்டது. பத்து ரிங்கிட், இருபது ரிங்கிட் கொடுத்த அந்த ஆயிரக்கணக்கானோர் அன்று ஒரு செய்தித்தாளின் உண்மையான உரிமையாளர்களாக நின்றார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான். படிப்பவர் பணம் கொடுக்காத ஏட்டுக்கு வேறு யாரோ பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

தமிழில் இரண்டு செய்திக்கூடங்கள்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சிங்கப்பூரைப் பற்றிய செய்தியை, சிங்கப்பூரில் திரட்டி, தமிழில் அன்றாடம் தரும் தொழில்முறைச் செய்திக்கூடங்கள் எத்தனை? ஒன்று தமிழ் முரசு, அதன் தளமும் செயலியும் சேர்த்து. மற்றொன்று மீடியாகார்ப் 'செய்தி'. அங்கே பணியாற்றுவோருக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆங்கிலச் செய்தியாளர் ஒருவர் செய்யும் வேலையைச் செய்துவிட்டு, மொழிபெயர்ப்பையும் காணொளியையும் சேர்த்துச் செய்பவர்கள் அவர்கள்.

ஆயினும் இரண்டு என்பது மிகச் சிறிய எண். ஒரு செய்தியை இரண்டு இடங்களும் முக்கியமில்லை என்று விட்டுவிட்டால், தமிழில் அது நடக்கவே இல்லை என்று பொருள். ஆங்கிலத்தில் விடுபட்டது வேறெங்காவது தலைகாட்டும். தமிழில் விடுபட்டால் விடுபட்டதுதான்.

தமிழ் முஸ்லிம்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மொழியால் நம் செய்தி தமிழ் முரசுக்கு உரியது. சமயத்தால் 'பெரித்தா ஹரியான்' பக்கங்களுக்கு உரியது. இரண்டு வீட்டிலும் நமக்கு உறவு உண்டு. இரண்டு வீட்டிலும் நாம் விருந்தாளிகளும்கூட. நோன்புக் கஞ்சி காய்ச்சும் படம் ஆண்டுதோறும் வருகிறது. பெருநாள் தொழுகைப் படம் வருகிறது. நாகூர் தர்காவைப் பற்றிக் கட்டுரை வருகிறது. மகிழ்ச்சி. ஆனால் ஒரு சமூகம் என்பது கஞ்சியும் பெருநாளும் பழைய கட்டடமும் மட்டும்தானா?

வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், மதரஸாவில் மலாய் என்று மூன்று மொழிகளுக்கு இடையில் வளரும் பிள்ளை எந்த மொழியில் துஆ கேட்கிறது? தமிழில் குத்பா நடக்கும் பள்ளிவாசலில் இருபது வயதுக்காரர்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? மூன்று தலைமுறையாக நடந்த கடையைப் பேரன் ஏன் ஏற்க மறுக்கிறான்? தனித்து வாழும் விதவைத் தாய் எந்த அமைப்பின் கதவைத் தட்டுவது, தமிழர் அமைப்பா, முஸ்லிம் அமைப்பா? இவை ஒவ்வொன்றும் ஒரு செய்தியாளர் வாரக்கணக்கில் அலைந்து, பலரிடம் பேசி எழுத வேண்டியவை. இரண்டே செய்திக்கூடங்கள் அன்றாட வேலை முடித்து மிஞ்சும் நேரத்தில் இவற்றுக்கெல்லாம் எப்படி வருவார்கள்? அவர்களைக் கேட்கும் முன் நாம் ஏன் எழுதவில்லை என்று நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முகப்பு இல்லாத செய்தித்தாள்

இந்த வெற்றிடத்தை இன்று நிரப்புவது வாட்ஸ்அப். அதுவே நம்மவர்களின் மிகப் பெரிய தமிழ் நாளிதழ். அதற்கு முகப்பு இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை, திருத்தம் வெளியிடும் வழக்கம் இல்லை. உரிமையாளர் மட்டும் உண்டு. 2014இலிருந்து அது ஃபேஸ்புக் நிறுவனத்தின், அதாவது இன்றைய மெட்டாவின் உடைமை.

2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுதீன் மர்கஸில் தப்லீக் கூட்டம் நடந்தபோது தமிழ்நாட்டிலிருந்தும் ஏராளமானோர் சென்றிருந்தார்கள். கிருமி பரவியதற்கு ஒரு சமூகத்தையே குற்றவாளி ஆக்கும் பேச்சு இந்தியத் தொலைக்காட்சிகளில் இரவு பகலாக ஓடியது. தொடர்பில்லாத பழைய காணொளிகள் புதிய தலைப்போடு கைமாறின. கடையநல்லூரிலும் தென்காசியிலும் நம் உறவினர்கள் இருக்க, அந்தக் காணொளிகள் சில நொடிகளில் இங்கே நம் குடும்பக் குழுக்களுக்கும் வந்தன. 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அக்கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர்மீது போட்ட வழக்குகளை ரத்துசெய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவும், ஊடகங்கள் பெரும் பிரசாரம் செய்ததாகவும் அது கண்டித்தது. மார்ச் மாதக் காணொளியைப் பரப்பியவர்களில் எத்தனை பேர் ஆகஸ்ட் மாதத் தீர்ப்பைப் பரப்பினார்கள்?

தமிழ்நாட்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. எந்தத் தொலைக்காட்சி எந்தக் கட்சிக்காரருடையது என்பது தேநீர்க் கடையில் இருப்பவருக்கும் தெரியும். சன் டிவி சொன்னால் இவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும், ஜெயா டிவி சொன்னால் இவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் மனக்கணக்குப் போடுவார். உரிமையாளர் தெரிந்தால் சார்பையும் எடைபோடலாம். இப்போது அங்கும் உரிமை கைமாறுகிறது. நியூஸ்18 தமிழ்நாடு ரிலையன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. என்டிடிவி 2022 கடைசியில் அதானி குழுமத்தின் வசம் போனது. பார்க்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். தெரியாமல் பார்ப்பதுதான் ஆபத்து.

மேடைகளின் உரிமையாளர்களுக்கு இன்னும் பெரிய அதிகாரம் உண்டு. 2021 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசாங்கத்தோடு ஏற்பட்ட தகராறில் ஃபேஸ்புக் அந்நாட்டில் செய்திகளை ஏறத்தாழ ஒரு வாரம் தடுத்தது. அந்த வீச்சில் சுகாதாரத் துறைகளின் பக்கங்களும் அறநிறுவனங்களின் பக்கங்களும் மறைந்துபோயின. கனடாவில் 2023 ஆகஸ்ட் முதல் செய்திகளையே நிறுத்தியது. தங்கள் ஐம்பது ஆண்டுப் படங்களையும் அறிவிப்புகளையும் ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் மட்டும் வைத்திருக்கும் சங்கங்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் நாம் வாடகை கொடுக்காமல் இருக்கிறோம். அதனால் ஒப்பந்தமும் இல்லாமல் இருக்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

குறை சொல்லி முடிப்பதற்கு இந்த மேடை இல்லை. நாளை காலையிலிருந்தே செய்யக்கூடியவை நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, செய்திக்குப் பணம் கொடுப்போம். ஒரு குவளை தே தாரிக்குக் கொடுப்பதை நாளிதழுக்குக் கொடுக்கத் தயங்குகிறோம். தமிழ் ஏட்டுக்குச் சந்தா கட்டுவோம். நமக்கு உடன்பாடில்லாத கருத்தை நேர்மையாக எழுதும் இன்னொரு தளம் எந்த மொழியில் இருந்தாலும் அதற்கும் ஒரு சந்தா கட்டுவோம். நமக்குப் பிடித்ததை மட்டும் ஆதரித்தால் நாமும் ஒரு குரலையே வளர்க்கிறோம்.

இரண்டாவது, அறிவிப்பாளர் வரிசையைக் கேட்போம். ஒரு செய்தி வந்தால் நான்கு கேள்விகள்: முதலில் சொன்னவர் யார்? அவர் நேரில் பார்த்தாரா? அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? அவரைச் சாராத இன்னொருவர் இதையே சொல்கிறாரா? நான்குக்கும் விடை கிடைக்காத செய்தி நம் தொலைபேசியோடு நிற்கட்டும். அடிக்கடி பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020இல் வாட்ஸ்அப்பே கட்டுப்பாடு கொண்டுவந்தது. நிறுவனம் போட்ட பூட்டுக்கு முன்னால் நம் மனசாட்சி ஒரு பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, எழுதுவோம். 1950களில் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றத்தில் எழுதத் தொடங்கிய பிள்ளைகள் பிற்காலத்தில் இந்நாட்டின் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆனார்கள். நம் சங்கம் ஆண்டுதோறும் கல்வி உதவிநிதி கொடுக்கிறது. அதில் ஒரு பங்கை, தமிழில் செய்தி எழுதப் பழகும் ஓரிரு இளையருக்கு ஒதுக்கலாம். அவர்கள் மேலே நான் கேட்ட கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓராண்டு அலைந்து எழுதட்டும். அதை நாளிதழுக்கும் அனுப்புவோம், நம் சொந்தத் தளத்திலும் வைப்போம், ஒரு படியைத் தேசிய நூலகத்துக்கும் கொடுப்போம். 'சிங்கை நேசன்' பிரதிகள் எங்கோ ஒரு நூலகத்தில் பாதுகாக்கப்பட்டதால்தான் இன்று நான் அதைப் பற்றிப் பேச முடிகிறது.

நான்காவது, கொஞ்சம் கசப்பானது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்களின் உரிமையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு யார் உரிமையாளர்? நிர்வாகியாக இருப்பவர் கையில் அங்கே ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. கணக்கைப் பற்றி ஓர் உறுப்பினர் கேள்வி கேட்டால், ஓர் இளம்பெண் பெண்களுக்கான இடவசதி பற்றிப் பேசினால், அந்தப் பதிவு நிற்கிறதா, நீங்குகிறதா? நம் ஆண்டுமலரில் பொறுப்பாளர்களின் படங்களுக்கு எத்தனை பக்கம், உறுப்பினர்களின் மாறுபட்ட கருத்துக்கு எத்தனை பக்கம்? உலகத்து ஊடகங்களில் பல குரல் வேண்டும் என்று கேட்கும் நாம், நமக்குச் சொந்தமான சின்ன ஊடகத்தில் ஒரே குரலை வைத்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதியை இழந்துவிடுவோம்.

ஆகவே நிர்வாகக் குழுவிடம் ஒரு வேண்டுகோளை இந்த மேடையிலேயே வைக்கிறேன். இந்தப் பொன்விழா மலரில் நான்கு பக்கங்களை, சங்கத்தின் போக்கில் உடன்பாடில்லாத உறுப்பினர்களுக்கென ஒதுக்குங்கள். நாகரிகமாக எழுத வேண்டும், பெயரோடு எழுத வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் போதும். இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து இந்த மலரைப் புரட்டும் பேரப்பிள்ளைகளுக்கு, நாங்கள் எத்தனை பேர் படத்தில் நின்றோம் என்பதைவிட, எதைப் பற்றி விவாதித்தோம் என்பதே பயன்படும்.

அண்ணன் தம்பிக்குள் கருத்து வேறுபாடு இருந்தாலும் ஒரே தட்டில் சாப்பிடும் சமூகம் நம்முடையது. அந்தப் பழக்கம் சாப்பாட்டு மேசையோடு நின்றுவிடாமல், படிக்கும் ஏட்டிலும் பகிரும் செய்தியிலும் தொடர வேண்டும். கேட்டதைத் தீர விசாரித்துச் சொல்லும் பொறுமையையும், உடன்பாடில்லாததையும் காது கொடுத்துக் கேட்கும் பெருந்தன்மையையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.